140 மையங்கள், மூன்று சென்னைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்சென்னையில் பொது சுகாதாரத்தில் அக்கறையுள்ள சிலர் நடத்தும் சிறிய தன்னார்வக் குழு அது. மாதம் ஒருமுறை கூடுவார்கள். அரசு வெளியிடும் புள்ளிவிவரங்களை எடுத்து, சாதாரண ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எழுதி, குடியிருப்போர் நலச் சங்கங்களுக்குக் கொடுப்பார்கள். 2023-ல் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: சென்னையில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் போதுமான அளவு இருக்கின்றனவா?

முதலில் இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று தயாரானது. அதன் முக்கிய வரி இதுதான்: மாநகராட்சியிடம் 140 நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன, சென்னையின் மக்கள்தொகை 46.5 லட்சம், அப்படியானால் சுமார் 33,000 பேருக்கு ஒரு மையம். தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் அளவுகோல் 50,000 பேருக்கு ஒன்று. எனவே எண்ணிக்கையில் குறையில்லை, இனி தரத்தைப் பற்றிப் பேசலாம் என்று அறிக்கை முடிந்திருந்தது.

பள்ளிக்கரணைப் பக்கம் நடந்த ஒரு சங்கக் கூட்டத்தில் இதைக் கொடுத்தார்கள். பின் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் எழுந்து, தான் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, பள்ளிக்கரணையை ஒட்டிய மேடவாக்கத்தில் குடியிருப்பதாகச் சொல்லி, "இந்த 33,000 பேர்ல நாங்க இருக்கோமா, இல்லையா?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பார்த்துச் சொல்கிறோம் என்று குறித்துக்கொண்டார்கள். அதற்கு அடுத்து நடந்த கூட்டங்களுக்குக் குறிப்பெழுத என்னை அழைத்தார்கள். இந்தப் பதிவு அந்தக் குறிப்புகளிலிருந்து வந்தது.

குழுவில் நால்வர் முக்கியமானவர்கள். ஒருங்கிணைப்பாளர், கல்லூரியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் மேடம் என்று அழைப்பார்கள். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர். கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டு வேலை பார்த்தவர் ஒருவர். அவர் எல்லோருக்கும் சிஸ்டர். நான்காமவர் புள்ளியியல் படித்த இளைஞர். துண்டறிக்கைக்கான கணக்கு வெளியிலிருந்து உதவிய ஒரு மாணவர் போட்டது. அவர் அதற்குள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

கணக்கைப் பிரித்தபோது

இளைஞர் முதலில் செய்தது, இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தது. 140 என்பது இப்போதைய மாநகராட்சியின் பட்டியல். இந்த மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். 15 மண்டலம், 200 வார்டு. 46.5 லட்சம் என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'சென்னை' என்ற பெயருக்கு நேரே இருக்கும் எண். அந்தச் சென்னையின் பரப்போ 174 சதுர கிலோமீட்டர்தான்.

இந்த இடைவெளிக்குக் காரணம் தேதி. கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2011 மார்ச் 1. மாநகராட்சி விரிவடைந்தது அதே ஆண்டு அக்டோபரில். அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம் உள்ளிட்ட 9 நகராட்சிகள், பள்ளிக்கரணை, பெருங்குடி, சோழிங்கநல்லூர், போரூர் உள்ளிட்ட 8 பேரூராட்சிகள், 25 கிராம ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் ஒரே வீச்சில் உள்ளே வந்தன. ஏழு மாதம் முன்பு எண்ணியவர்கள் பழைய கோட்டுக்குள் எண்ணினார்கள். அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை என்பதால் அந்த எண் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

விரிந்த மாநகராட்சிக்குள் அடங்கிய ஊர்களின் 2011 எண்ணிக்கையைக் கூட்டினால் சுமார் 67 லட்சம் வரும். அதை 140-ஆல் வகுத்தால் 48,000 பேருக்கு ஒரு மையம். அளவுகோலை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் தாராளம் என்று சொல்ல முடியாது. அதுவும் 2011 மக்கள்தொகைக்கு.

மேடம் மூன்றாவது எண்ணை எடுத்துப் போட்டார். அதே கணக்கெடுப்பில் 'சென்னை நகரத் திரள்' என்று, சென்னையையும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களையும் சேர்த்துத் தனியாக ஒரு வரி உண்டு: 86.5 லட்சம். அதை வகுத்தால் 62,000 பேருக்கு ஒன்று. ஆனால் இங்கே கோளாறு மறுபக்கம் திரும்பிவிடுகிறது. மக்களை மாநகராட்சிக்கு வெளியேயும் எண்ணிவிட்டு, மையங்களை உள்ளே மட்டும் எண்ணினால் அதுவும் தப்புதான். வெளியே இருக்கிற மையங்கள் வேறு நிர்வாகம், வேறு பட்டியல்.

33,000, 48,000, 62,000. மையங்களின் எண்ணிக்கை மாறவே இல்லை. 'போதும்', 'ஏதோ ஒட்டிக்கு ஒட்டி', 'போதாது' என்று மூன்று தீர்ப்பும் எந்தச் சென்னையின் மக்கள்தொகையை எடுத்து வகுக்கிறோம் என்பதிலிருந்தே வந்தன.

வளர்ச்சி விகிதத்திலும் இதே சிக்கல் காத்திருந்தது. 2001-ல் சென்னை 43.4 லட்சம். அதே 174 சதுர கிலோமீட்டருக்குள் 2011-ல் 46.5 லட்சம், பத்தாண்டில் 7 சதவீத வளர்ச்சி. 43.4-ஐயும் 67-ஐயும் பக்கத்தில் வைத்தால் 54 சதவீதம் என்று ஒரு பூதம் கிளம்பும். நகரத் திரளின் வளர்ச்சி 65.6 லட்சத்திலிருந்து 86.5 லட்சம், அதாவது 32 சதவீதம். ஆனால் திரளின் கோடும் இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் நகர்ந்திருக்கிறது. ஆக அதில் எவ்வளவு பேர் புதிதாக வந்தவர்கள், எவ்வளவு பேர் இருந்த இடத்திலேயே இருந்து கோட்டுக்குள் சேர்க்கப்பட்டவர்கள் என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல வழியில்லை.

எத்தனை கோடுகள்

மேடம் ஒரு முழு கூட்டத்தையும் இதற்கே ஒதுக்கினார். கரும்பலகையில் அவர் எழுதியதை இங்கே கொஞ்சம் விரிவாகவே தருகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வில் மற்றவர்களுக்கு உதவக்கூடிய பகுதி இதுதான்.

முதல் கோடு நிர்வாகக் கோடு. மாநகராட்சி எல்லை அரசாணையால் வருவது. எந்த வருவாய் கிராமம் உள்ளே, எது வெளியே என்பதே அதன் உள்ளடக்கம். தரையில் வீடு எங்கே முடிகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சென்னை மாவட்டம் 2018 வரை பழைய 174-லேயே நின்று, அந்த ஆண்டுதான் 426-க்கு விரிந்தது. ஆகவே 2011 அட்டவணையில் இருக்கும் 'சென்னை மாவட்டம்' வேறு, இன்றைய சென்னை மாவட்டம் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாறுபவர்கள் நிறைய.

இரண்டாவது, திட்டமிடல் கோடு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் ஆளுகை நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2018-ல் அதை 8,878 ஆக்கலாம் என்ற யோசனை வந்து, கடைசியில் 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டர் என்று அறிவிப்பானது. ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரக்கோணம் பக்கம் வரை போகிறது. இதற்குள் வயல் உண்டு, ஏரி உண்டு, காப்புக்காடு உண்டு. இனி எங்கே நகரம் வளரலாம், எங்கே கூடாது என்று முடிவெடுக்கப் போடுகிற கோடு இது; இன்றைக்கு நகரம் எது என்று சொல்லுகிற கோடல்ல. இதன் மக்கள் அடர்த்தியைக் கணக்கிட்டு 'சென்னையில் நெரிசல் குறைந்துவிட்டது' என்று யாராவது எழுதினால் செம்பரம்பாக்கம் ஏரியையும் சேர்த்து வகுத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவதுதான் கணக்கெடுப்பின் நகரத் திரள். இதன் விதி, தொடர்ச்சியான நகரப் பரவல். ஒரு நகரமும் அதன் எல்லையை ஒட்டி வெளியே வளர்ந்த குடியிருப்புகளும் (புறவளர்ச்சி), அல்லது ஒன்றோடொன்று ஒட்டிய பல நகரங்களும் சேர்ந்தால் திரள். அதில் ஒன்றாவது சட்டப்படி நகரமாக இருக்க வேண்டும். மொத்த மக்கள்தொகை 20,000-க்குக் குறையக் கூடாது. இங்கே 'நகரம்' இரண்டு வகை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கன்டோன்மென்ட் (ராணுவப் பகுதிக்கான உள்ளாட்சி) என்று சட்டம் சொல்லும் நகரம் ஒன்று. இன்னொன்று, கிராம ஊராட்சியாக இருந்துகொண்டே மூன்று நிபந்தனைகளைத் தாண்டுகிற ஊர்: 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதமாவது விவசாயத்துக்கு வெளியே, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது. இதில் கவனிக்க வேண்டியது, 2011-க்கான இந்தப் பட்டியல் அந்தக் கணக்கெடுப்புக்கு முன்பே, 2001 எண்களை வைத்துத் தயாரானது. நகரம் வேகமாக ஓடுகிற ஓரத்தில் பத்து வருடப் பழைய தகவலை வைத்துப் போட்ட கோடு.

'தொடர்ச்சி' என்பதை எப்படி அளப்பது என்று சர்வேயர் கேட்டார். பிரிட்டனின் 2011 கணக்கெடுப்பில் கட்டடப் பரப்புகளுக்கு நடுவே 200 மீட்டருக்குக் குறைவான இடைவெளி இருந்தால் ஒன்றாகச் சேர்த்தார்கள். இங்கே அப்படி மீட்டர் கணக்கு கிடையாது, முழு ஊர்களை எடுத்து ஒட்டிப் பார்ப்பதுதான் வழக்கம் என்றார் மேடம். சென்னைக்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினை இல்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் நடுவில் விரிந்து கிடக்கிறது. பரங்கிமலை-பல்லாவரம் கன்டோன்மென்ட், சென்னை மாநகராட்சிக்கும் தாம்பரம் மாநகராட்சிக்கும் இடையில் இரண்டிலும் சேராத தனி உள்ளாட்சி. நன்மங்கலத்தில் காப்புக்காடு. இவை இடைவெளியா, நகரத்தின் உறுப்பா? வெறும் தூரத்தை வைத்து அளந்தால் சதுப்பு நிலத்துக்குக் கிழக்கே இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையும் மேற்கே இருக்கும் வேளச்சேரி சாலையும் வெவ்வேறு ஊராகத் தெரியும்.

நான்காவது, செயற்கைக்கோள் வழி. 2020-ல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட முறை ஒன்று உண்டு. நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, குறைந்தது 1,500 பேர் உள்ள கட்டங்கள் ஒட்டி வந்து, மொத்தம் 50,000 பேருக்குக் குறையாமல் இருந்தால் அது நகர மையம். நாடுகளுக்கு நடுவே ஒப்பிட இது நல்ல முறை. அரசாணையைப் பற்றி இதற்குக் கவலையில்லை.

ஐந்தாவது, தினமும் வேலைக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்துப் போடுகிற கோடு. ஐரோப்பிய நாடுகளில், ஒரு ஊரில் வேலை பார்ப்பவர்களில் 15 சதவீதம் பேர் நகரத்துக்குப் போய் வந்தால் அந்த ஊரை நகரத்தோடு சேர்க்கிறார்கள். நம் 2011 கணக்கெடுப்பு வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டது. எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. ஆகவே அந்தக் கோட்டை இங்கே அதை வைத்துப் போட முடியாது. போட முடிந்தால் வடக்கே சூலூர்பேட்டை வரை, மாநில எல்லையைத் தாண்டிப் போனாலும் ஆச்சரியமில்லை. புறநகர் ரயில் அதுவரை போய் வருகிறது.

இதெல்லாம் போக, பணத்துக்கென்று சில கோடுகள். மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப்படிக்கு எக்ஸ் பிரிவு (அதிகப் படி பெறும்) நகரம் என்பது சென்னை நகரத் திரள். மாநில அரசு ஊழியருக்கு சென்னையும் அதைச் சுற்றி 32 கிலோமீட்டரும். விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி உண்டா என்பதற்கு, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர், அதுவும் வான்வழித் தூரம். சர்வேயர் இதைக் கேட்டு, "ஒரே ஆளு சம்பளத்துக்கு உள்ளே, வீட்டு வரிக்கு வெளியே" என்று சிரித்தார்.

தெருவில் பார்த்தது

அடுத்ததாக சிஸ்டரும் சர்வேயரும் பள்ளிக்கரணைக்கும் மேடவாக்கத்துக்கும் இடையில் எல்லையோரத் தெருக்கள் சிலவற்றில் நடந்தார்கள். சில நாள் நானும் கூடப் போனேன்.

சர்வேயர் கையில் கிராம வரைபடமும் சில சர்வே எண்களின் புலப்படங்களும் இருந்தன. எல்லை வருவாய் கிராமத்தின் விளிம்பை ஒட்டி ஓடுகிறது. அந்த விளிம்பு வரப்பாகவோ வாய்க்காலாகவோ இருந்த காலத்தில் போட்டது. பிற்பாடு மனைப்பிரிவு போட்டவர்கள் சர்வே எண்ணைப் பார்த்தார்களே தவிர, ஊர் விளிம்பைப் பார்க்கவில்லை. அதனால் ஒரு குறுக்குத் தெருவின் நடுவில் கோடு சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. தெரு முனையில் மண்டல எண், வார்டு எண்ணோடு மாநகராட்சிப் பெயர்ப் பலகை. பத்துப் பன்னிரண்டு வீடு தாண்டினால் மின் கம்பத்தில் ஊராட்சி எண் பூசியிருக்கிறது. நடுவில் எந்த அடையாளமும் இல்லை. காலையில் வரும் பேட்டரி குப்பை வண்டி ஒரு இளம்பச்சை கேட் போட்ட வீட்டு வாசலில் பின்னால் எடுத்துத் திரும்பியது. "அதோ, எல்லைக் கல்லு" என்றார் சர்வேயர். வரைபடத்தில் பார்த்தால் கோடு அதற்கு இரண்டு வீடு முன்னாலேயே முடிகிறது. ஓட்டுநர் திருப்ப வசதியான இடம் வரை போய்த் திரும்புகிறார், அந்த இரண்டு வீட்டுக்காரரும் குப்பையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஊராட்சியில் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தபாலில் சென்னை 600100. தொலைபேசிக்கு 044. மாவட்டம் செங்கல்பட்டு. உள்ளாட்சி, கிராம ஊராட்சி. மனை வரைபட அனுமதிக்குப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள். போலீஸ், தாம்பரம் ஆணையரகம். சட்டமன்றத்துக்குச் சோழிங்கநல்லூர், நாடாளுமன்றத்துக்குத் தென்சென்னை. இந்தப் பக்கம் மாநகராட்சிக்குள் இருக்கும் வீட்டுக்கும் போலீஸ் தாம்பரம்தான் என்பது வேறு விஷயம்.

சுகாதாரத்துக்கு இதன் விளைவு என்ன என்பதை சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். மாநகராட்சிப் பக்கம் நகர்ப்புற சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போகிறார். ஊராட்சிப் பக்கம் கிராம சுகாதார செவிலியர். இரண்டு பேரும் பொறுப்பானவர்களே. ஆனால் கோட்டின் மேலேயே எழுந்திருந்த ஒரு புதிய அடுக்ககத்தை இருவரும் மற்றவருடையது என்று நினைத்திருந்தார்கள். அங்கே வாடகைக்கு வந்திருந்த ஒரு கர்ப்பிணிக்கு ஐந்து மாதம் முடிந்தும் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) பதிவாகவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எல்லாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எண் இல்லாமல் நாளை குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் சிக்கல் வரும், மகப்பேறு நிதியுதவியும் நின்றுபோகும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சிஸ்டர் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டு, "வார்டு யாருதுன்னு அப்புறம் பேசிக்கலாம், முதல்ல பதிவு போடும்மா" என்று முடித்துவைத்தார்.

எதிர்த் திசையிலும் ஒன்று தெரிந்தது. ஊராட்சிப் பக்கத்து ஆட்கள் காய்ச்சல், சர்க்கரை மாத்திரைக்கு எல்லை தாண்டி மாநகராட்சி மையத்துக்கே வருகிறார்கள். ஷேர் ஆட்டோ போகிற வழி அது. ஆக அந்த மையம் தன் பங்கு மக்கள்தொகையைவிட அதிகமானவர்களைப் பார்க்கிறது. அதன் கணக்கில் மட்டும் அவர்கள் கிடையாது.

வாதமும் முடிவுகளும்

இளைஞருக்கு செயற்கைக்கோள் கோட்டின் மேல் நம்பிக்கை. அரசாணைகள் மாறிக்கொண்டே இருக்கும், தரையில் தெரிகிற நகரம் பொய் சொல்லாது என்பது அவர் வாதம். சர்வேயர் ஒப்பவில்லை: "தம்பி, மையம் கட்டுறது யாரு? அரசாணையில இருக்கிற உள்ளாட்சிதானே. அது யாரோட பொறுப்புன்னு சொல்லாத கோட்டை வச்சு யார்கிட்ட போய்க் கேட்ப?" சிஸ்டர் இரண்டு பேரையும் விடவில்லை. "காய்ச்சல்காரங்க உங்க கட்டத்தையும் பார்க்கல, உங்க சர்வே எண்ணையும் பார்க்கல, சார்."

என் பார்வையில் மூன்று பேர் சொன்னதும் சரி, ஏனென்றால் மூன்று பேரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடம் கேள்வியை மூன்றாக உடைத்ததும் சண்டை தணிந்தது.

மாநகராட்சி தன் மக்களுக்குப் போதுமான மையம் வைத்திருக்கிறதா என்ற கேள்விக்கு 426 சதுர கிலோமீட்டர், 67 லட்சம், 140 மையம். மக்களும் மையங்களும் ஒரே கோட்டுக்குள். துண்டறிக்கையின் 33,000 நீக்கப்பட்டு 48,000 வந்தது. அது 2011 எண் என்ற வரியும் அதே எழுத்தளவில் கூடவே வந்தது.

நகரம் எவ்வளவு வளர்ந்தது என்ற கேள்விக்கு, 2011 திரளில் இருந்த ஊர்களின் பட்டியலை அப்படியே நிலையாக வைத்துக்கொண்டு, அதே ஊர்களின் 2001, 1991 எண்ணிக்கையை ஊர்வாரி அட்டவணைகளில் தேடிக் கூட்டுவது. கோட்டை ஆணியடித்துவிட்டுப் பின்னோக்கிப் போவது. மெதுவான வேலை, ஊர்ப் பெயர்களின் எழுத்து மாறும், சில ஊர்கள் பிரிந்தோ சேர்ந்தோ இருக்கும். சர்வேயரின் நினைவு இல்லாமல் இது நடந்திருக்காது.

ஓரத்தில் இருப்பவருக்கு மையம் எட்டுகிறதா என்ற கேள்விக்கு எந்த எல்லையும் வேண்டாம் என்று முடிவானது. ஒவ்வொரு தெருவிலிருந்தும் பக்கத்து மையம், அது யாருடையதாக இருந்தாலும், எவ்வளவு தூரம், எந்த வண்டி, எத்தனை மணி வரை திறந்திருக்கும். அவ்வளவுதான்.

செயற்கைக்கோள் கட்டங்களை முகப்பு எண்ணாக வைக்காததற்குக் காரணத்தையும் அறிக்கையில் எழுதினார்கள். படத்தில் கட்டடம் புதிது. ஆனால் கட்டத்துக்குள் எத்தனை பேர் என்பது பழைய கணக்கெடுப்பைக் கணிப்பு மாதிரிகளால் பரப்பி எடுப்பது. பெரும்பாக்கம் இதற்கு உதாரணமாக வந்தது. 2011-க்குப் பிறகு நகருக்குள் ஆற்றோரங்களில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. கணக்கெடுப்பில் அவர்கள் இன்னும் கூவம், அடையாறு கரையிலேயே இருக்கிறார்கள். எந்தப் படமும் அதைத் தானாகச் சரிசெய்யாது. இளைஞர் இதை ஏற்றுக்கொண்டார், கட்டட வரைபடத்தைப் பின்னிணைப்பில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அது நியாயமான நிபந்தனை; கட்டடம் எங்கே நெருங்கிவிட்டது என்று காட்ட அதைவிட நல்லது இல்லை.

இன்னொரு சிறு முடிவு: அறிக்கையின் ஒவ்வொரு அட்டவணைக்கும் தலையில் எல்லை, பரப்பு, ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும், இல்லாத அட்டவணை அச்சுக்குப் போகாது. கன்டோன்மென்ட் எதிலும் கலக்காமல் தனி வரியாக நின்றது.

பின்னர் நடந்தது

திருத்திய அறிக்கை 2024 தொடக்கத்தில் இரண்டு அலுவலகங்களுக்குப் போனது. ஒன்றில், முந்தைய துண்டறிக்கையில் 33,000 என்று நீங்களே போட்டீர்களே, இப்போது ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டார்கள். விளக்கம் சொல்லி ஏற்கவைக்க நேரம் பிடித்தது. பழைய தாளை வைத்திருக்கும் சங்கங்கள் இன்னும் அதையே மேற்கோள் காட்டுகின்றன.

மற்றதில் விஷயம் வேறு. ஊராட்சிப் பகுதிக்கு அவர்கள் கிராமப்புற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள்: சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம். தாளில் பார்த்தால் நகர அளவுகோலைவிட இதுவே தாராளம். கணக்கில் எடுக்கும் மக்கள்தொகை 2011-ல் உறைந்திருப்பதால் அந்தத் தாராளம் தரைக்கு வருவதில்லை. அலுவலர் இதை மறுக்கவில்லை. தன்னால் மக்கள்தொகையை மாற்றி எழுத முடியாது, ஆனால் வருகிறவர்களின் கணக்கு இருந்தால் மேலே எழுதலாம் என்றார்.

இந்தப் பேச்சிலிருந்துதான் உருப்படியான காரியம் ஒன்று பிறந்தது. எல்லையோர மாநகராட்சி மையம் ஒன்றின் மருத்துவ அலுவலர், புறநோயாளிப் பதிவேட்டில் முகவரிக்குப் பக்கத்தில் ஊராட்சியா மாநகராட்சியா என்று ஒரு எழுத்து குறிக்கச் சில வாரங்களுக்குச் சம்மதித்தார். 600100 என்ற ஒரே அஞ்சல் எண்ணில் இரண்டும் இருப்பதால், வீட்டு வரி ரசீது யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்தார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதுவும் தெரியவில்லை. குப்பை எடுக்க யார் வருகிறார்கள் என்ற கேள்வி நன்றாக வேலை செய்தது. ஊராட்சியிலிருந்து வருபவர்கள் கணிசமான பங்கு என்று தெரிந்தது.

அதை வைத்து ஊராட்சிப் பக்கம் அந்தப் புதிய அடுக்ககத்துக்கு அருகில் கூடுதலாக ஒரு புதன்கிழமைத் தடுப்பூசி முகாம் தொடங்கியது. இரண்டு செவிலியர்களும் எல்லைத் தெருக்களின் பட்டியலைப் பிரித்து எழுதி, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டார்கள். புதிய மையம் எதுவும் வரவில்லை. கேள்வி கேட்ட வங்கி ஊழியருக்கு எழுத்தில் பதில் போனது: "அந்த 33,000-ல் நீங்கள் இல்லை. 48,000-லும் இல்லை. நகரத் திரள் என்ற எண்ணில்தான் இடம். அதற்கு மையம் கட்டும் அலுவலகம் கிடையாது." அவர் அதைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தார் என்று கேள்விப்பட்டேன்.

மாற்ற வேண்டியவை

எல்லையைத் தீர்மானிக்கும் கூட்டம் எண்களைத் தேடுவதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். கேள்வியை உடைப்பது ஒரு மாலை வேலை. அச்சடித்த தாளைத் திரும்பப் பெறுவது நடக்காத வேலை.

களத்துக்குப் போகிறவர்களில் ஒருவராவது கிராம வரைபடம் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வார்டு வரைபடங்களில் பழைய 155 வார்டுகளும் இப்போதைய 200 வார்டுகளும் கலந்து கிடக்கின்றன. கோப்பின் பெயரை மட்டும் நம்பக் கூடாது.

பெரியது ஒன்று இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதற்காக நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31-ல் உறையவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குப் பிறகு எந்த ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தாலும், புதிய எண்கள் சேர்வதற்கு முந்தைய கோட்டின்படியே வெளிவரும். 2011-ல் மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் நடுவே நடந்தது திரும்ப நடக்கும். இதற்காகவே குழு ஒரு அட்டவணையைத் தொடங்கியிருக்கிறது: தென்சென்னை ஓரத்தின் ஒவ்வொரு வருவாய் கிராமமும் 1991, 2001, 2011 ஆகிய ஆண்டுகளிலும் இப்போதும் எந்த உள்ளாட்சியில், எந்த மாவட்டத்தில், எந்தச் சுகாதார நிர்வாகத்தில் இருக்கிறது என்று. பரங்கிமலை ஒன்றியத்து ஊர்கள் முடிந்துவிட்டன. வடக்கே புழல், மாதவரம் பக்கம் தெரிந்த ஒரு சர்வேயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.